அடுப்பு மூட்ட ஓர் உத்தரவு

காலையில் அடுப்பு மூட்டும் முன் விஜயம்மா கணவனிடம் உத்தரவு வாங்க வேண்டும். பாறசாலைப் பக்கம் வேறு எந்த வீட்டிலும் இல்லாத வழக்கம் இது.

"தீ கத்திக்கட்டா?" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். மோகனன் மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் மோப்பம் பிடித்துவிட்டு, "கத்திச்சுக்கோ" என்பார். அதுவரை விறகும் காத்திருக்கும், அவளும் காத்திருப்பாள்.

வளைகுடாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, குவைத் சண்டையோடு ஊர் திரும்பியவர் அவர். அங்கே அனுமதி இல்லாமல் ஒரு குச்சி உரச முடியாது. அந்தப் பழக்கம் பெட்டியோடு சேர்ந்து வந்து இறங்கிவிட்டது. அடுக்களை வாசலில் மணல் வாளி. உள்ளே, வாங்கிப் பல மாதமாகியும் உத்தரவு கிடைக்காத கேஸ் சிலிண்டர். காற்றின் திசை தெரிய, மனைவியின் பழைய சிவப்புப் பாவாடையைக் குழாய்போலத் தைத்துத் தென்னையில் கட்டியிருந்தார். கட்சிக்கொடி என்று எண்ணி ஒரு தோழர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் விஜயம்மா பொறுத்துக்கொண்டாள். மகள் ஸ்ரீகுமாரியின் கல்யாணம் தட்டிப்போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தனுவச்சபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் மோகனன் கேட்டிலேயே பறித்து வைத்தார். வந்தவர்கள் சாயாவைத் தொடாமல் எழுந்துபோனார்கள்.

அடுத்த கல்யாண ஆலோசனை திருப்புறத்திலிருந்து வந்தது. பையன் பெயர் மனு. கொச்சிப் பக்கம் எண்ணெய் ஆலையில்தான் வேலை என்று கேட்டதும் விஜயம்மா பகவதிக்குப் பாயசம் நேர்ந்தாள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

அறிந்தது. யாரும் கேட்கும் முன்பே மனு தன் மாமன் ராஜையாவின் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். தென்னையை அண்ணாந்து பார்த்து, "தெக்கன் காத்தாக்கும்" என்றான். மோகனனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

"எங்க ஆலையில தொடக்கத்துல ஒத்தக் கோபுரமாக்கும் இருந்தது," என்றார் மோகனன். " வெள்ளக்காரன் கூடாரத்துல கெடந்து ஓட்டுனான்."

"இப்பம் எத்தற கோபுரம் சாரே?"

ராஜையா விழித்தார். மோகனன் அவர் பக்கம் திரும்பினார். "புட்டுக்குழல் தெரியுமில்லியா? கச்சா எண்ணெயக் கொதிக்க வச்சா ஆவி மேல ஏறும். உச்சியில கேஸ். அதுக்குத் தாழ பெட்ரோல், பின்ன மண்ணெண்ணெய், டீசல். அடியில மிஞ்சுனது தாரு."

"தேங்கா எங்க போடுவியோ?" என்றார் ராஜையா.

ஸ்ரீகுமாரி சாயாத் தட்டோடு வந்து நின்றாள். தார்வரை இறங்கியிருந்தவர்கள் நிமிரவில்லை.

நல்ல நேரம் போய்விடுமே என்று விஜயம்மா நிலவிளக்கு ஏற்ற மகளிடம் தீப்பெட்டியைக் கொடுத்தாள். மனு கையை உயர்த்தினான். "கொஞ்சம் நில்லுங்க. உள்ள சிலிண்டர் மூடியாச்சா?"

"பாத்தியா?" என்று மோகனன் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். அவரும் மனுவும் சிலிண்டரைப் பார்க்க உள்ளே போனார்கள். ஸ்ரீகுமாரி உரசாத குச்சியோடு நின்றாள். இத்தனை காலம் தான் நின்ற நிற்பு வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று விஜயம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மோகனன், "தங்கமான பையன். இனி என்னத்தெ யோசிக்க?" என்றார்.

"தங்கந்தான். வேண்டாம்."

"கலியாணம் கெட்டப்போறது மவளாக்கும், நீயில்ல."

"அவளுட்ட கேட்டாச்சு. நான் ஒரு ஆளுட்ட கேட்டு அடுப்பு கத்திக்கேன். அவ அங்க மாப்பிளைட்ட கேக்கணும், இங்க வந்தா அப்பன்ட்டயும் கேக்கணும். பிள்ளைக்குப் பால் காயுமுன்ன அது பள்ளிக்கூடம் போயிரும்."

அடுக்களையில் ஸ்ரீகுமாரி சிரிப்பது கேட்டது.

"பின்ன எப்படிப்பட்டவன் வேணும் ஒனக்கு?"

"பெருங்கடவிளையில ஒரு ஆலோசனை உண்டு. நீங்க சம்மதிக்க மாட்டியண்ணு சொல்லாம இருந்தேன்."

"அவனுக்கு என்ன ஜோலி?"

"கோயில் உற்சவத்துக்கு வெடிக்கெட்டு, வாணம் எல்லாம் செய்யுதது. குடும்பத்தொழிலாக்கும்."

மோகனன் வாசலில் இருந்த மணல் வாளியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வருவாவ," என்றாள் விஜயம்மா. "நேத்தே சொல்லி விட்டாச்சு."