விளிம்பில் ஓடும் அலை

“அப்ப அந்த அலை அங்கிட்டும் போகாது, இங்கிட்டும் வராது, நடுவுலயே ஓடிக்கிட்டு கெடக்குமா?” என்று மதுரன் கேட்டான்.

“விளிம்புலயே ஓடும்ங்க. ரெண்டு பக்கமும் தள்ளிப் போகப் போகத் தேஞ்சிரும்” என்றாள் யசோதினி.

“எங்க கடை எண்ணெ டின்ன ஆட்டினா, அடியில நிக்கிற தண்ணிக்கும் எண்ணெக்கும் நடுவுல நெளியுமே, அது மாதிரியா?”

“ஓ, எண்ணெயில தண்ணி வேற ஊத்துறீங்களா?”

அவன் சிரித்துவிட்டான், லுணுகலை பஸ் வளைவில் சாய்ந்தது, அவன் தோள் இவள் தோளில் வந்து இடித்து அங்கேயே நின்றது, சொன்னதை எவ்வளவு லேசாகப் பிடித்துவிட்டான்... சூரியனின் வளிமண்டலத்தில் அடர்ந்த பிளாஸ்மாவும் மெல்லிய பிளாஸ்மாவும் ஒட்டி நிற்கின்றன, காந்தப்புலம் விளிம்போடு விறைத்த கொடிக்கயிறு போல ஓடுகிறது, சுண்டினால் விளிம்பு நெளிகிறது, அந்த நெளிவுக்கு இந்தப் பக்கத்து வேகமும் இல்லை, அந்தப் பக்கத்து வேகமும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று... இதைப் படிக்கத்தானே நோர்வேயில் இடம் கிடைத்திருக்கிறது, இன்று இரவுக்குள் பதில் எழுத வேண்டும், தையில் இவனோடு கல்யாணம். காலையில் பதுளை பஸ் நிலையத்தில் நோர்வே விஷயத்தைச் சொன்னதும் அவன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தான், பிறகு அலையைப் பற்றி மட்டும் கேட்கிறான். கோபமா? கோபக்காரன் இப்படிச் சிரிப்பானா? வெளியே மழை விட்ட தேயிலைச் சரிவு பளபளத்தது, அவளுக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது, தோட்டத்து லய வீட்டில் அம்மா ரொட்டி சுட்டு வைத்திருப்பாள்... விளிம்பு மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்றான் அவன். நல்ல கேள்வி. அலை மெல்ல அடங்கும், ஆனால் அதன் சக்தி வீணாகாது, அந்த மெல்லிய இடைப்பகுதியே சூடாகும் என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்று இப்போது சொல்வான், சொன்னால் நான் என்ன சொல்வேன்... பனி, ஆய்வுகூடம், கண்ணாடிக்கு வெளியே இருட்டு, காதில் போனை வைத்தபடி நான், அந்தப் பக்கம் கடையில் தராசுக்குப் பின்னால் அவன், எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் இதே படம்தான், ஒன்றில்கூட அவனை என் பக்கத்தில் உட்கார வைக்கவில்லையே, ஏன்? அவன் வரமாட்டான் என்று யார் சொன்னது, அவனைக் கேட்டேனா?

மதுரன் முன்சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“யசோ, எனக்கும் பாஸ்போட் எடுக்க என்னென்ன வேணும்னு கொஞ்சம் சொல்லேன்.”