டிக் இல்லாத கட்டம்

எங்கள் கோல்ஃப் கிளப்பின் கேப்டன் கப்பலும் ஓட்டியதில்லை, படையும் நடத்தியதில்லை. டைல்ஸ் வியாபாரி. அவர் விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்தால் யாருக்கோ ஆப்பு வைக்கப் போகிறார் என்று அர்த்தம். அன்று எலக்ட்ரீஷியனுக்கு.

எலக்ட்ரீஷியன் கிளப் உறுப்பினர் இல்லை. எங்கள் விளக்குகளையும் மோட்டாரையும் பழுது பார்ப்பவர். வெளியாட்களும் ஆடலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டியில் முதலாவதாக வந்திருந்தார். கோல்ஃபில் குறைவான அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி; அவரைவிட மூன்று அடி கூடுதலாக அடித்து இரண்டாவதாக வந்தவர் கேப்டனின் மச்சினன். ஜெயித்தவருக்குக் கோப்பையோடு ஆயுள் உறுப்பினர் இடமும் கொடுப்பது வழக்கம். எலக்ட்ரீஷியன் ஆடியதே அதற்காகத்தான். இரண்டு முறை விண்ணப்பித்துப் பார்த்தார். இரண்டு முறையும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லிக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அவர் போட்ட ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் போட்டார்கள்.

நான் போட்டி நடுவர். அலுவலக அறையில் ஸ்கோர் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மச்சினனைப் பின்னால் இழுத்துக்கொண்டு கேப்டன் உள்ளே வந்தார். எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“இவரு கடைசி நாலு குழிக்கு நடக்காம கிளப் பேட்டரி வண்டியில போயிருக்காரு. குழிக்கு ரெண்டு அடி அபராதம். மொத்தம் எட்டு,” என்றார் கேப்டன்.

“முட்டி வீங்கிடுச்சு சார். வண்டி சும்மாதான் நின்னுச்சு,” என்றார் எலக்ட்ரீஷியன்.

“முட்டி எல்லாருக்கும்தான் இருக்கு,” என்றார் மச்சினன். யாரும் எழுதிக் கொடுக்காமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. இந்த மாதிரி அரைகுறைகளுக்காகத்தானே முப்பது வருடமாக விதிகளைக் கரைத்துக் குடித்து வைத்திருக்கிறேன்.

“சார், விதி வேற, நிபந்தனை வேற. நடந்துதான் போகணும்னு விதியில எங்கயும் இல்ல. கமிட்டி விருப்பப்பட்டா வண்டி கூடாதுன்னு ஒரு நிபந்தனை போடலாம். அதையும் ஆட்டத்துக்கு முன்னாடியே போட்ருக்கணும்.”

“டிவில எல்லாரும் நடந்துதானே போறாங்க?”

“அது அவங்க போட்டிக்கு அவங்க போட்ட நிபந்தனை. நமக்கு எதுக்கு?”

அறிவிப்புப் பலகையில் இருந்த நிபந்தனைத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் போட்டேன். வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகள் எல்லாம் அதில் வரிசையாக அச்சாகியிருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம்.

“டிக் இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. வண்டிக்கு டிக் இல்ல. கீழ உங்க கையெழுத்துதான். அபராதம் கிடையாது, இவருதான் ஜெயிச்சாரு.”

கேப்டன் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டதைப் படித்துப் பார்ப்பது அவருக்குப் புது அனுபவம். மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிறகு தாளைத் திருப்பினார். செத்துப்போயிருந்த முகத்தில் உயிர் வந்தது.

“ஆயுள் உறுப்பினர் இடம். இதுவும் ஒரு கட்டம்தான் போல. டிக் காணோமே?”

கட்டங்களில் டிக் போடுவது என் வேலை. இந்த வருடத்துக்கான தாளில், ஆட்டம் சம்பந்தப்பட்ட முன்பக்கத்தை மட்டும் கவனமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தேன். பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை.

“அது வருஷா வருஷம் குடுக்கறதுதானே சார்,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“வழக்கம்தான். ஆனா இல்லன்னா இல்லன்னு இப்பதானே சொன்னீங்க? நடுவர் நீங்க. நீங்களே சொல்லுங்க.”

எலக்ட்ரீஷியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துபோச்சு, தப்பு என்னுடையது, இடத்தைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருடமாகத் தப்பே செய்யாத நடுவர் என்ற பெயர் எனக்கு. வாயைத் திறந்தேன்.

“கேப்டன் சொல்றது சரிதான்,” என்றேன்.

கேப்டன் பல்லெல்லாம் தெரிய, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினார். எலக்ட்ரீஷியன் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்தார்.

“இனிமே இங்க வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க சார்.”

கேப்டனிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார்.