நாலு விரல் இறக்கம்

என் தங்கை இரண்டாவது முறை படகிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. முதல் முறை விழுந்ததை மறைத்துவிட்டாள். சொல்லியிருந்தால் நான் கத்துவேனாம். கத்தத்தான் செய்திருப்பேன், வேறென்ன, கொஞ்சவா செய்வார்கள்? நான் கொத்தனார். சாரத்தின் மேல் நின்று கீழே இருக்கிறவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது சோற்றுக்கு உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெயில் இவங்க உடம்பை உள்ளுக்குள்ளயே கெடுத்துடுச்சு. இன்னொரு தடவை இப்படி விழுந்தா எழுந்திரிக்க மாட்டாங்க. வேலையை மாத்துங்க, இல்ல நிழல்ல உட்கார வைங்க" என்றார்.

வேலையை மாற்றுவதாம்! அவளிடம் அதைச் சொல்லிப் பார்த்தால்தானே தெரியும். படகு அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளையுடையது. பதின்மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், திடீரென்று அடித்த சூறைக்காற்றில் படகு மட்டும் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. ஏழு நாள் தேடினார்கள். ஏரி ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. எட்டாம் நாள் இவள் துடுப்பைக் கையில் எடுத்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, பம்பு நிலையத்து ஆட்களையும் பள்ளிக்கூட டீச்சரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வருவாள். பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், படகில் கால் மணி.

"எங்க வீட்டுக்கு வந்துடு. உங்க அண்ணி ஒண்ணும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டா" என்றேன்.

"படகை விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்லண்ணா."

"அப்போ செத்துத் தொலை!" என்று கத்தினேன். கத்திவிட்டு, படகுக்குக் கூரை போடக் குழாய் வாங்கி வந்தேன்.

முக்கால் அங்குலக் குழாய் காற்றுக்கு வளையும் என்று ஒன்றேகால் அங்குலமாகவே வாங்கினேன். பிளாஸ்டிக்தான், தண்ணீரில் துருப்பிடிக்காது. நாலு கால், மேலே இரண்டு நீளக் குழாய், மூன்று குறுக்குக் குழாய், மூலைக்கு எல்போ, நடுவில் டீ என்று இணைப்புத் துண்டுகள், ஒட்டுவதற்குப் பசை, மேலே கட்ட ஒரு நீலத் தார்ப்பாய். அவள் வீடு ஒற்றை அறை, வேலை முடிகிறவரை நானும் அங்கேயே தங்கிக்கொண்டேன். குழாயை உள்ளே கொண்டுவந்தால் அடுப்பில் ஒரு முனை, ஜன்னலுக்கு வெளியே ஒரு முனை. குழாயைத் தாண்டித் தாண்டித்தான் அவள் சோறு வடித்தாள்.

படகைக் கரையில் ஏற்றி வைத்து அளந்திருக்க வேண்டும். ஏற்ற நாலு ஆள் வேண்டும், நான் ஒருத்தன். காற்றே இல்லாத மத்தியானம், தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. முன்னும் பின்னும் கயிறு கட்டிப் படகை நிறுத்திவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வேலையை ஆரம்பித்தேன். படகில் ஆள் யாரும் இல்லை. ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழியைப் பார்த்து ஒவ்வொரு காலாக அறுத்து நிறுத்தினேன். முப்பது வருஷமாக அந்தக் குமிழியைத் தவிர வேறு யாரையும் நான் நம்பியதில்லை. குமிழி நடுவில் வந்து நின்றது. ஜோராக இருந்தது.

பசை போடுவதற்காக எல்லாவற்றையும் பிரித்து வீட்டுக்குள் கொண்டுபோய், நாலு காலையும் சுவரில் வரிசையாகச் சாய்த்தேன். முன்கால் இரண்டும் பின்காலைவிட நாலு விரல் நீளம். என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பப் போய் அளந்தேன். படகில் வைத்தால் குமிழி நடுவில். சுவரில் சாய்த்தால் நாலு விரல் வித்தியாசம்.

பம்பு நிலையத்தில் வேலை பார்க்கிற மோட்டார்க்காரர் கரையில் படகுக்காகக் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மிதக்கிற படகுல ரசமட்டமா! கொத்தனாரே, அடுத்தது என்ன, தண்ணிக்குப் பூச்சு வேலையா?"

"சிரிச்சது போதும். படகு முன்பக்கம் இறங்கி நிக்குது, அதான்."

"அதெப்படி இறங்கும்? காலிப் படகு மூக்கைத் தூக்கிட்டுத்தானே நிக்கும்" என்றபடி எட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றைக்குப் பஸ்ஸிலேயே போய்விடுவதாகச் சொல்லி நடந்துவிட்டார்.

நீளத்தைக் குறைக்க ரம்பத்தை எடுத்தபோது தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அறுக்காதண்ணா. சரியாத்தான் இருக்கு."

"என்ன சரி? நாலு விரல் கோணல். என் தொழிலே சந்தி சிரிக்குது."

"முன்பலகையில அவரு உட்கார்ந்திருக்காரு. அதான் இறங்கியிருக்கு."

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பலகையில் அவள் யாரையும் உட்கார வைப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். ஏசிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, படகின் மூக்குக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்க வந்தது. கையை விட்டபோது சட்டென்று விழவில்லை. மெதுவாக, பார்த்துப் பார்த்து உட்காருகிறவர் மாதிரி இறங்கி, அதே நாலு விரலில் நின்றது. முன்பலகையைத் தொட்டேன். உச்சி வெயிலில் மற்ற பலகை எல்லாம் கையைப் பொசுக்கியது. அது மட்டும் ஜில்லென்று இருந்தது.

பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன். ஆனால் டாக்டரம்மா சொன்னது அதைவிடப் பெரிய பயம். மாப்பிள்ளை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வேண்டியது என் தங்கை தலைக்கு நிழல். கோணலான காலையே பசை போட்டு ஒட்டினேன். பக்கப் பலகையில் கிளாம்ப் வைத்து முடுக்கினேன். தார்ப்பாயின் வளையங்களில் நைலான் கயிற்றைக் கோத்து, காற்று உள்ளே புகுந்து வெளியே போகப் பின்பக்கத்தை மட்டும் தளர்த்திக் கட்டினேன். தண்ணீரில் நின்றபோது கூரை வீட்டுக் கூடத்தின் தளம் போல அவ்வளவு நேராக இருந்தது.

முதல் மூன்று நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. இரண்டு நடைக்கு நடுவில் நிழலிலேயே படுத்துக் கண்ணயர்ந்தாள். ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். "அவருக்கும் குளுகுளுன்னு இருக்கும்ணா" என்றாள். நான் காதில் விழாததுபோல இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் படகு நேராக நின்றது. மூக்கு இறங்கவில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பக்கத்தைப் பார்த்தேன். படகின் அடியில் கருப்புத் தார், மேலே பச்சை பெயின்ட். தார் எப்போதும் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரியும். இப்போது நாலைந்து விரல்தான் தெரிந்தது. மூக்கு ஏறவில்லை, பின்பக்கமும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. எங்கேயோ ஓட்டை என்று உள்ளே ஏறித் தேடினேன். அடிப்பலகை எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. நான் நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் ஆள் நெருக்குவதுபோல இருந்தது. கையை நீட்டினால் காற்றுதான். ஆனாலும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

ஐந்தாம் நாள் டீச்சர் வந்தார். பையோடு ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தவர், அப்படியே பின்வாங்கினார்.

"இடம் இல்லையேம்மா. அடுத்த நடையில வரேன்."

படகில் என் தங்கை மட்டும்தான் இருந்தாள். டீச்சர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த நடைக்கும் அவர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

மோட்டார்க்காரர் மட்டும் தூரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் வரவில்லை.

"இந்த ஏரி கொஞ்சம் பேரையா எடுத்திருக்கு கொத்தனாரே? குளிக்கப் போனவன், வலை போட்டவன், மனசு கசந்து இறங்கினவ... அத்தனை பேரும் வெயில்லயே கிடந்தாங்க. தண்ணி நடுவுல ஒரு நிழலைப் போட்டா யாருதான் வந்து உட்கார மாட்டாங்க? பஸ் வராத ரோட்டுல கொட்டகை போட்டாக்கூட நாலு பேரு உட்கார்ந்திருப்பாங்களே."

அன்றைக்கு ராத்திரியே பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் வெயில், விட்டால் இது. இரண்டுக்கும் நடுவில் என் புத்தி நொண்டியடித்தது. விடியட்டும் என்று படுத்தேன். கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது, அவள் பாய் காலி.

ஓடினேன். அவள் ஏரியின் நடுவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். மூன்று குடும்பத்தை ஏற்றிய கனத்தோடு படகு வந்தது. உள்ளே இருந்தது அவள் ஒருத்தி. துடுப்பு ஒவ்வொரு முறை விழும்போதும் தண்ணீர் பக்கப் பலகையைத் தாண்டி உள்ளே வழிந்தது. கருப்பும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை. நீலக் கூரை ஒன்று தண்ணீர் மேல் தவழ்ந்து வருவதுபோல இருந்தது. கழுத்தளவு ஆழம்வரை ஓடிப் படகைப் பிடித்து, இடுப்பளவுத் தண்ணீருக்கு இழுத்து வந்தேன். இழுக்கிறபோது என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"இறங்குடி! முழுகப் போகுது, இறங்கு!"

அவள் இறங்கவில்லை. பின்பலகையில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை போன அன்றைக்குக்கூட நான் அவள் அப்படி அழுது பார்க்கவில்லை.

"முன்னாடி அந்த நாலு விரல் இறக்கத்தைப் பார்த்துக்கிட்டேதான் துடுப்பு போடுவேன். அதுதான் அவரு. இப்போ எல்லாப் பக்கமும் இறங்கிடுச்சு. இதுல எது அவருன்னே எனக்குத் தெரியலண்ணா."

நிழல் போட்டது நான். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்தேன். தார்ப்பாயை ஒரே இழுப்பில் உருவித் தண்ணீரில் போட்டேன். வெயில் தொபுக்கென்று படகுக்குள் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். என் துண்டை நனைத்து அவள் தலையில் போட்டேன்.

படகு ஒரு முறை ஆடியது. யாராவது இறங்கினால் ஆடுமே, அப்படி. ஒரு விரல் மேலே வந்தது. என் இடுப்பை உரசிக்கொண்டு தண்ணீர் விலகியது. மறுபடி ஒரு ஆட்டம், மறுபடி ஒரு விரல். நான் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டு நின்றேன். ஒருவர் குட்டையாக இருந்திருக்க வேண்டும், என் முழங்கால் பக்கம்தான் தண்ணீர் அசைந்தது. ஏழு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் கணக்கு தப்பியது. பச்சை தெரிந்தது, கருப்பு தெரிந்தது. பின்னால் அவள் கனத்துக்கு வேண்டிய இறக்கம் மட்டும் நின்றது.

நான் படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாலு விரல் இறக்கத்தில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. இருங்க மாப்பிள்ளை என்று என்னையறியாமல் வாய் முணுமுணுத்தது. அப்புறம் மூக்கு சின்னதாக ஒரு தரம் ஆடியது. மேலே எழும்பி, காலிப் படகு எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

"அண்ணா, முன்னாடி பார்த்துச் சொல்லு" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "இறங்கியிருக்கா?"

கோணலைக் கோணல் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே பேர் கெட்டவன் நான். இரண்டு கையையும் படகின் மூக்கில் வைத்து அழுத்தினேன்.

"இறங்கியிருக்கும்மா. இருக்காரு."

"நாலு விரலா?"

"நாலு விரல்தான்."

அவள் மூச்சு நிதானமாகும்வரை அழுத்தினேன். கை வலித்தது. வலி தாங்காமல் நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கம் பலகையில் ஏறிப் பின்பக்கம்வரை போவது எனக்கே தெரிந்தது.

"அவரு இப்படி நடுங்க மாட்டாருண்ணா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கிட்டே இரு. அப்புறம் நான் இறங்கிடறேன்."

கண்ணை மூடியபடியே முன்பலகையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னதும் இல்லை அது. அவள் பேசி முடிக்கிறவரை நான் அழுத்திக்கொண்டே நின்றேன்.