கப்பல் விருந்துக்கு எட்டு கஜம்

கப்பல் கம்பெனியிலிருந்து வந்த தபாலில் பயணச்சீட்டோடு கைக்கடக்கமான ஒரு புத்தகமும் இருந்தது. சுகிர்தம் அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே வாசித்தாள். எத்தனை மணிக்குக் குளிக்கலாம், துணியை எங்கே காயப்போடலாம் என்பதையெல்லாம் தாண்டி ஒன்பதாம் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் மருத்துவிச்சி, எல்லாருக்கும் 'மிசி'. பதினோரு வருடத்தில் தொழிலாளர் லயங்களில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அவள் கையில்தான் பிறந்தன. தேவாலயத்து மிஷன் அவளை ஒரு வருடப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தது. 1957ஆம் வருடம். கப்பலில் ஒரே வகுப்புதான். துரையும் மருத்துவிச்சியும் ஒரே மண்டபத்தில் சாப்பிட வேண்டும்.

ஒன்பதாம் பக்கம் சொன்னது இதுதான்: விருந்து இரவுகளில் ஆண்கள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் 'போ' டையும் அணிந்து வரவேண்டும். பெண்கள் தரை தொடும் நீண்ட கவுன் அணிய வேண்டும். மற்ற நாட்டவர் தங்கள் தேசிய உடையில் வரலாம்.

சாப்பிடுவதற்கு எதற்குத் தனி உடுப்பு? அன்று சாயங்காலமே அவள் தோட்டத் துரையின் பெரிய பங்களாவின் பின்பக்கம் போனாள். அங்கே சமையலும் பரிமாறலும் பார்க்கும் ஆண்டியப்பன் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்பதாம் பக்கத்தைச் சொன்னாள்.

"அது உள்ளதுதான் மிசி," என்றார். "போன தொரை தனிக்கட்டை. மேசையில அவரு ஒருத்தர்தான். எதுக்க யாரும் கெடையாது. மழை கொட்டும், வெளக்கு ஆடும். ஆனா குளிச்சிட்டு கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டுத்தான் வந்து உக்காருவாரு. சாப்பாடு என்னன்னா, வெறும் சூப்பும் ரொட்டியும்."

"பாக்க ஆளே இல்லாதப்ப யாருக்காக?"

ஆண்டியப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். "முப்பது வருசமா நாற்காலிக்குப் பின்னால நிக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்ல பாருங்க!"

மறுநாள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் அலோசியஸிடம் புத்தகத்தைக் காட்டினாள். அவருக்கு எந்தச் சந்தேகத்துக்கும் ஒரு விதி தெரியும்.

"இதில யோசிக்க என்ன இருக்கு? கண்டியச் சேலை கட்டிக்கிட்டுப் போங்க. இலங்கைக்கு அதானே தேசிய உடை" என்று சொல்லிவிட்டு, அவளுடைய பயணப் பத்திரத்தை எடுக்க மேசை லாச்சியை இழுத்தார். அதைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. அவளிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, அடையாளச் சான்றிதழ். 'எந்த நாட்டுப் பிரஜை' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அவள் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில். ஆனால் நாற்பத்தெட்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, மலையில் பலரைப் போல அவளும் எந்த நாட்டுக்காரியும் இல்லை.

"அப்ப இந்திய மாதிரி..." என்று இழுத்தார்.

"இந்தியாவை நான் கண்ணாலயும் பாத்ததில்லீங்க ஐயா."

அலோசியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோடு போட்டவங்களுக்கு எது தேசிய உடைன்னு எந்தச் சுற்றுநிருபத்திலயும் வரலியே, மிசி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆபீசிலிருந்து இறங்கும் கல்படிகளில் பாதிகூடத் தாண்டவில்லை, அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நடுப்பகலில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பால் கொடுக்க வரும் நேரம் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பார்த்துக்கொள்பவள் ராசம்மா, சுகிர்தத்தோடு ஒன்றாகப் படித்தவள். விஷயத்தைச் சொன்னதும் ராசம்மா முகவாயில் கை வைத்தாள். சுவரோரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த வேலாயிதான் பேசினாள்.

"இதுக்கா இம்புட்டு ரோசனை? உங்க அம்மா என்ன கட்டுச்சு?"

"பின்கொசுவம்."

"பெறகென்ன? அதைக் கட்டிக்கிட்டுப் போங்க."

சுகிர்தத்தின் அம்மா ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்தவள். கொசுவத்தைப் பின்பக்கம் மடித்துச் செருகித்தான் சாகும்வரை கட்டினாள். மகள் படித்து மருத்துவிச்சியானதும் டவுன்காரர்களைப் போல முன்கொசுவத்துக்கு மாறிவிட்டாள். யாரும் அவளை மாறச் சொன்னதாக நினைவில்லை.

"ஆறு கஜச் சேலைதானே எங்கிட்ட இருக்கு. பின்கொசுவத்துக்குக் காணாது" என்றாள் சுகிர்தம்.

அன்று சாயங்காலம் வேலாயி கோதுமை மாவுச் சாக்குத் துணியில் சுற்றி ஒரு பட்டுச் சேலையைக் கொண்டுவந்தாள். நாவல்பழ நிறம், எட்டு கஜம். தேர்த் திருவிழாவுக்கு மட்டும் உடுத்துவது. அவளுடைய அத்தை கடலுக்கு அக்கரையில் உள்ள இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது.

"கடல்ல கொண்டுபோறேனே, பயமா இல்லியா வேலாயி?"

"அது இங்க வந்ததே கப்பல்லதானே மிசி. அதுக்கு வழி தெரியும்."

நான்கு நாள் பிள்ளைக்காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். முதல் நாள் மூன்றடி நடந்ததும் கொசுவம் அவிழ்ந்து விழுந்தது. ராசம்மா சிரித்ததில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் விழித்து அழுதன. நான்காம் நாள் சுகிர்தம் கையை வீசி நடந்தாள், கொசுவம் அசையவில்லை.

அவள் போய் மூன்றாவது வாரம் ஏடன் முத்திரையோடு கடிதம் வந்தது. பால் கொடுக்கும் நேரத்தில் ராசம்மா அதைச் சத்தமாக வாசித்தாள்.

"அன்புள்ள ராசம்மா, கப்பலில் முதல் நாள் இரவே எனக்கு வெட்கமாகிவிட்டது. வேலாயியின் சேலையைக் கட்டிக்கொண்டு ஏழரை மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனேன். அங்கே எல்லாரும் பகலில் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். துறைமுகத்தை விட்ட முதல் நாள் பெட்டி பிரிக்க நேரமிராது, அதனால் அன்றைக்கு யாரும் விருந்து உடை உடுத்த வேண்டியதில்லையாம். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் புத்தகத்தில் போடவில்லை."

"அடக் கடவுளே!" என்றாள் வேலாயி.

"மூன்றாம் இரவுதான் விருந்து. வாசலில் நின்ற தலைமைப் பரிசாரகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இது எந்த நாட்டுத் தேசிய உடை, மேடம்?' என்றார். எனக்கு அலோசியஸ் ஐயாவின் கோடு ஞாபகம் வந்தது. 'எங்கள் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கட்டுவது. என் அம்மா கட்டியது' என்றேன். அவர் கதவைத் திறந்து, நாற்காலிவரை கூடவே வந்தார்.

"என் மேசையில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். சாப்பிட ஏன் உடை மாற்றுகிறீர்கள் என்று அவரைக் கேட்டே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. 'ஜன்னலுக்கு வெளியே ஏழு நாளும் ஒரே தண்ணீர். உடுப்பை மாற்றாவிட்டால் ஒரு நாள் முடிந்ததே தெரியாது' என்றார். ஆண்டியப்பன் அண்ணனிடம் சொல். அந்தத் துரைக்கும் ஜன்னலுக்கு வெளியே மழை மட்டும்தானே இருந்தது.

"டாக்டரின் மனைவிக்கு என் சேலை மேலேயே கண். ஊசி இல்லாமல், பொத்தான் இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டாள். மறுநாள் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் என் அறைக்கு வந்தார்கள். கட்டிக் காட்டினேன். டாக்டரின் மனைவி தானும் கட்டிப் பார்த்தாள்; உன்னைவிடப் பருமன், எட்டு கஜமும் போதவில்லை. கொசுவம் ஏன் பின்னால் வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை. வேலாயியிடம் கேட்டு எழுது."

ராசம்மா கடிதத்தை மடிப்பதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"முன்னால இருந்தா செடி இழுக்கும்" என்றாள் ஒருத்தி.

"செடி இங்க வந்துதானே கண்டோம்? அக்கரையில வயல்லயும் இப்படித்தானே கட்டுனாங்க? குனியிறதுக்கு லேசு, அதான்" என்றாள் இன்னொருத்தி.

"கோயிலுக்குப் போறப்பவும் பின்னாலதான வைக்கிறோம்? அங்க எங்க குனியிறோம்?"

வேலாயி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் கை தானாக மடித்துச் செருகும் ஒன்றை இதுவரை அவள் நிறுத்திப் பார்த்ததில்லை. எழுந்து நின்று, கழுத்தைத் திருப்பித் தன் முதுகுப் பக்கத்தைப் பார்க்க முயன்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"என்ன எழுதட்டும்?" என்றாள் ராசம்மா, பென்சிலோடு.

"எனக்கும் தெரியலன்னு எழுது. எங்க சின்னாத்தா பூண்டுலோயாவில இருக்கு, தையில வரும், கேட்டுச் சொல்றேன்னு எழுது."

வெளியே கங்காணி வேலைக்குக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார். கூடையை எடுத்து வாசல்வரை போன வேலாயி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. அந்தச் சேலையக் கடல் தண்ணியில மட்டும் அலசிப்புட வேணாம்னு எழுது."