நத்தார் இரண்டு, லொறி ஒன்று

பியற்றிஸ் கடை வாசலில் நின்று குரல் கொடுத்தால் லண்டன் மிச்சம் பகுதியின் பஸ் தரிப்பில் நிற்பவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் சவிரிமுத்துவுக்கு இதில் வெட்கம் உண்டு, ஆனால் சொல்லத் துணிவில்லை. மனுஷி ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

1993 மாரியில் அவள் பிடித்தது ஒரு லொறியை. கடைக்கு மேலே இருந்த அறையில் சஃபியா என்ற பொஸ்னியப் பெண் குடியிருந்தாள். கணவனும் மகன் எமிரும் துஸ்லா நகரில் அகப்பட்டிருந்தார்கள். சுற்றிவர யுத்தம். பிள்ளைக்கு நீரிழிவு. ஊசி இல்லாவிட்டால் உயிர் தங்காது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஜனவரி நடுப்பகுதி வரைதான் போதும் என்று செய்தி வந்த நாளிலிருந்து சஃபியா சோற்றில் கை வைக்கவில்லை.

பியற்றிஸுக்கு இது கேட்டுப் பழகிய கதை. மன்னாரில் அவளுடைய தம்பி செத்தது குண்டு பட்டு அல்ல. அவனுக்கு வேண்டிய மருந்து சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு கிடந்தது, விடவில்லை. அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள அவள் முயலவுமில்லை.

லொறி கசிமியருடையது. போலந்துக்காரர், அவளுடைய பங்குக் கோவிலுக்கு வருபவர், பெரிய லொறிகளுக்கு முதலாளி. மருந்து சேர்த்தது ஒஸ்தாப். உக்ரைன்காரர், பேக்கரிப் பாண் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் மகனும் லண்டன் முழுக்க மருந்துக்கடை ஏறி இறங்கினார்கள். இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவரை. இரண்டாம் உலக யுத்தத்தில் அவர்களின் ஊர்கள் ஒன்றையொன்று வெட்டிக் கொளுத்தியிருந்தன. கசிமியரின் மாமன் போனார், ஒஸ்தாப்பின் அக்கா போனாள். ஆகவே ஒருவர் சனிக்கிழமை வந்தால் மற்றவர் புதன்கிழமை வருவார். பெட்டிகள் மட்டும் பியற்றிஸின் பின்னறையில் ஒன்றாக இருந்தன.

மருந்து முழுவதும் கைக்கு வருவது டிசம்பர் இருபத்துமூன்று மாலை. மாதம் முடிவதற்குள் ஸ்பிளிற் துறைமுகம் போய்ப் பதிந்தால்தான் ஐ.நா. காவலோடு உள்ளே போகும் வாகன அணியில் இடம். பியற்றிஸ் யோசிக்கவேயில்லை, இருபத்துநான்கு காலை புறப்பாடு என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள். மன்னார்க் கத்தோலிக்கருக்கு அது பலகாரம் சுட்டு வீடு கூட்டுகிற நாள். கிறிஸ்து பிறப்பின் நடுச்சாமப் பூசையோடுதான் நத்தார் தொடங்கும்.

கசிமியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். தங்களுக்குப் பெருநாளே அந்த மாலைதான், வானத்தில் முதல் வெள்ளி தெரியும்போது ஒருவர் குறையாமல் மேசையில் இருக்கவேண்டும், எந்தச் சாரதியும் வரமாட்டான் என்றார். விருந்தாளி ஒருவர் எதிர்பாராமல் வந்தால் என்று உட்கார ஒரு கதிரையைக்கூட வெறுமையாக விட்டுவைப்பார்களாம். இருபத்தேழாம் திகதி போகலாம் என்றார். அன்று புறப்பட்டால் போய்ச் சேர்வதற்குள் பதிவு முடிந்துவிடும். பியற்றிஸ் கத்தவில்லை. அவள் கத்தாததைப் பார்த்துச் சவிரிமுத்து பயந்துபோனான்.

அன்று பின்னேரம் முழுவதும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கடை அலமாரித் தட்டுகளை அடுக்கினாள். கசகசாப் பைகளை அடுக்கும்போது கை நின்றது. போலந்துச் சனம் டிசம்பரில் வந்து கசகசாவை அள்ளும். ஒஸ்தாப் ஒவ்வொரு வருஷமும் ஜனவரி பிறந்த பிறகுதான் வருவார், கசகசாவும் தேனும் கேட்பார். பெருநாள் முடிந்து விலை இறங்கட்டும் என்று காத்திருக்கும் கஞ்சப் பிரபு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். உடனே ஒஸ்தாப்புக்குப் போன் அடித்து, உங்களுக்கு நத்தார் எப்போது என்று கேட்டாள். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழு, பெருநாள் சாப்பாடு முதல்நாள் மாலை என்று பதில் வந்தது. பியற்றிஸ் சிரித்த சிரிப்பு மேல்மாடி வரை கேட்டது.

அடுத்த நாள் இருவரையும் ஒரே நேரத்துக்கு, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை, பின்னறைக்கு வரவழைத்தாள். ஒஸ்தாப்பும் மகனும் ஸ்பிளிற் வரை ஓட்டட்டும், பெருநாள் முடிந்து கசிமியர் ஆட்களோடு விமானத்தில் போய் அங்கிருந்து பொறுப்பெடுக்கட்டும், ஒஸ்தாப் தன் பெருநாளுக்கு வீடு வந்துவிடலாம் என்று விளக்கினாள். தன் லொறியை அந்தச் சனத்தின் கையில் கொடுப்பதில்லை என்று கசிமியர் சுவரைப் பார்த்துச் சொன்னார். தான் கேட்கவும் போவதில்லை என்று ஒஸ்தாப் கதவைப் பார்த்துச் சொன்னார்.

மூவரும் பேசியது உடைந்த ஆங்கிலம். பியற்றிஸ் பிறகு ஊருக்கெல்லாம் சொன்னது தன் தமிழில்.

"கசிமியர் அண்ணை, ஆரும் வந்தால் எண்டு உங்கட மேசையில ஒரு கதிரை விடுறனீங்கள். இந்த முறை ஆள் வந்திட்டுது. ஒரு சின்னப் பிள்ளை. சாப்பாடு கேக்கேல்லை, லொறித் திறப்பைத்தான் கேக்குது."

ஒஸ்தாப்தான் பேசினார்.

"நாங்களும் கதிரை விடுறனாங்கள். மேசைச் சீலைக்குக் கீழ வைக்கோலும் போடுறனாங்கள்."

"வைக்கோலோ?" என்று கசிமியர் திரும்பினார். ஐம்பது வருஷத்தில் அவர் ஒரு உக்ரைன்காரரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தங்கள் மேசையிலும் அதேதான் என்று முணுமுணுத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து திறப்பை, அந்தச் சாவிக்கொத்தை, எடுத்து மருந்துப் பெட்டியின் மேல் வைத்தார்.

"மூண்டாவது கியர் இறுக்கம். கிளச்சை அடிமட்டும் மிதியுங்கோ."

அடுத்த அரைமணி நேரம் இரண்டு கிழவர்களும் கியரைப் பற்றியும் அல்ப்ஸ் மலைப் பனியைப் பற்றியும் சண்டை பிடித்தார்கள். பியற்றிஸுக்கு அது பூசைப் பாட்டைவிட இனிமையாக இருந்தது.

லொறி குறித்த காலையில் புறப்பட்டது. ஒஸ்தாப் கடைசி நாளுக்கு முதல்நாளே ஸ்பிளிற்றில் பதிந்துவிட்டார். கசிமியர் போய்த் திறப்பை வாங்கினார். பிறகு சத்தமில்லை. வாகன அணி பாதையில் மறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு நாள் செய்தி, நகர்கிறது என்று மறுநாள் செய்தி. சஃபியா கடைப் படியிலேயே குந்தியிருந்தாள்.

ஜனவரி ஆறாம் திகதி மாலை, ஒஸ்தாப் சஃபியா, பியற்றிஸ், சவிரிமுத்து எல்லோரையும் தன் வீட்டுப் பெருநாள் மேசைக்கு அழைத்திருந்தார். முதல் கரண்டி வாய்க்குப் போகுமுன் தொலைபேசி அடித்தது. ஒஸ்தாப் எடுத்தார். மறுமுனையில் கசிமியர், துஸ்லாவிலிருந்து ஐ.நா. காவலரின் தொலைபேசியில், "கிறிஸ்து பிறந்தார்" என்று உக்ரைனிய மொழியில் வாழ்த்தினார். சின்ன வயதில் பக்கத்து ஊரில் கேட்ட மொழி, அதற்குப் பிறகு அவர் நாவில் எடுக்காத மொழி. ஒஸ்தாப்பும் பதில் வாழ்த்துச் சொன்னார். கண்ணைத் துடைத்தபடி தொலைபேசியைச் சஃபியாவிடம் நீட்டினார்.

அவள் கேட்டாள். முகம் கோணியது, பிறகு விரிந்தது. அழுகையும் சிரிப்புமாகத் திரும்பி, எமிர் கதைக்கிறான், அந்த டொக்டருக்கு ஊசி போடவே தெரியாதாம், கை நோகுதாம் என்றாள்.

பியற்றிஸ் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"நோகட்டும் ராசா," என்றாள். "நல்லா நோகட்டும்."