புள்ளி ஒன்று ஒன்பது

பாம்புக்கடி ஆய்வுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான். அதனால்தான் எனக்கு இத்தனை கோபம். நான் சொல்லாத ஒன்றை என் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் அறிக்கையாகப் படித்தார் சுகாதாரத் துறை அதிகாரி வேல்முருகன்.

"பி மதிப்பு புள்ளி ஒன்று ஒன்பது. புள்ளி பூஜ்யம் அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் வித்தியாசம் உறுதி; இது மேல இருக்கு. ஆக, மருந்து மலையில இருந்தாலும் கீழ இருந்தாலும் வித்தியாசம் இல்லை."

இந்த மலைச் சுகாதார நிலையத்திலேயே விஷமுறிவு மருந்து போட்டுக்கொண்ட பத்தொன்பது பேரில் ஒருவர் இறந்தார். மருந்துக்காக மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் சுற்றிக் கீழே கொண்டுபோகப்பட்ட இருபத்தொரு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆட்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது இது தற்செயலாகவும் நடந்திருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை. அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். தெரியவில்லை என்பதை இல்லை என்று படிக்க இந்த மனிதருக்கு எப்படி வாய் வந்தது?

வாசலில் ஜீப் நின்றது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குக் கொண்டுபோக மருந்துப் பெட்டியை அதற்குள் ஏற்றியும் விட்டார்கள்.

மலையின் இன்னொரு பகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சென்னம்மாள் ஜீப்பை விட்டு நகரவில்லை. அவள் கணவர் வெள்ளையன் மிளகு பறிக்கையில் கடிபட்டு, இங்கே மருந்து போட்டுப் பிழைத்தவர்.

"கண்ணு, எங்கூட்டுக்காரரு பொழச்சது கணக்குலயே வரலியா?" என்று என்னைக் கேட்டாள்.

"வந்திருக்குதுங்க அக்கா. மருந்து பக்கத்துல இருந்ததாலதான் பொழச்சாருன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதனால இல்லைன்னு சாராலயும் சொல்ல முடியாது."

வேல்முருகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உறுதியாகட்டும்மா. அப்புறம் மருந்தத் திருப்பி அனுப்பிடலாம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"உறுதியாகறதுக்கு இன்னும் அறுபது பேரையாவது பாம்பு கடிக்கோணுங்க சார். அதுல பாதிப் பேருக்குப் பக்கத்துல மருந்து இருக்கக் கூடாது. அந்த முப்பது பேரு எந்த ஊருன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அதெப்படிம்மா எழுதறது?"

"வித்தியாசம் இல்லைன்னு எழுதி மருந்த எடுத்துட்டுப் போறீங்களே, அதுவும் அந்த முப்பது பேர எழுதறதுதாங்க சார்."

சென்னம்மாள் ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒருவரும் தடுக்கவில்லை.