கேலன் கடையில் வாங்கிய கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி விஷயத்தில் வெண்டல் ஸ்ட்ரவுட்டுக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. எது ஈரத்தில் துருப்பிடிக்கும், எது எண்ணெயே காணாமல் கிடந்தாலும் சுடும், எதை வெறும் விளம்பரத்தைக் காட்டித் தலையில் கட்டுகிறார்கள் என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார். காலமெல்லாம் வீடு வீடாய்ப் போய்க் கூரைக்கு ஜிப்சம் பலகை தூக்கி அடித்த மனிதர். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கி வாங்கியவர்கள். வாங்கி யாரும் கெட்டுப்போகவில்லை.

அதனால் அந்த அக்டோபர் சனிக்கிழமை காலை மகள் ஜோடியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது மில்லிமீட்டர், பிளாஸ்டிக் பிடி, கைக்கு அடக்கமானது, புத்தம் புதுசு. நானூற்றைம்பது டாலருக்குள் முடிந்துவிடும். வீட்டில் இருந்த பழைய நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கி சலித்துப்போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சலிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. நிஜக் காரணம் அவருக்கும் ஜோடிக்கும் மட்டும் தெரியும்.

அந்த மாதிரித் துப்பாக்கியில் மேலே ஒரு இரும்புப் பாகம் உண்டு, ஸ்லைடு என்பார்கள். அதை விரலால் இறுக்கிப் பிடித்துப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும். ஏறினதை வெளியே எடுக்கவும் மறுபடி இழுக்க வேண்டும். பலகை தூக்கித் தூக்கி வெண்டலின் கட்டைவிரல் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. சுத்தியல் பிடிக்கலாம், கோப்பை பிடிக்கலாம். எதையும் கிள்ளிப் பிடித்து இழுக்க மட்டும் முடியவில்லை. வசந்தத்தில் ஒருநாள் ஸ்லைடு அசையவே மாட்டேன் என்றது. உள்ளே ஒரு தோட்டா ஏறி நின்றது. மண்மேட்டைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்திருக்கலாம். தீர்த்தால் மறுபடி ஏற்ற முடியுமோ முடியாதோ என்று, அப்படியே சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டார். கோடை முழுக்க அது முள்கரண்டிகளுக்குப் பக்கத்தில், சுடத் தயாராய்க் கிடந்தது.

டப்பா திறக்கிற கருவியைத் தேடிப் போன ஜோடிதான் கண்டுபிடித்தாள். ஒரே இழுப்பில் தோட்டாவை எடுத்து மேஜைமேல் நிறுத்தி வைத்தாள். பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

வண்டி கிளம்பியதும் அதைத்தான் ஞாபகப்படுத்தினாள்.

"பேசினது பேசினபடிதான் அப்பா."

"என்னத்த பேசினோம்?"

"மறந்த மாதிரி நடிக்காத. எத வாங்கினாலும் நீயே ரொப்பணும், நீயே வெளிய எடுக்கணும். இன்னிக்கே, என் கண்ணு முன்னாடி. முடியலன்னா துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி இல்லாம அந்த மலைக்காட்டு வீட்டுல உன்ன தனியா விடமாட்டேன். டவுன்ல என் வீட்டுக்குப் பின்னால இருக்கற அறைக்கு வந்துடணும்."

"என் நாய்ங்க?"

"மூணு பீகிள் போடற கூச்சலுக்கு டவுன்ல எவன் இடம் குடுப்பான்?"

"நாய் வராத இடத்துக்கு நானும் வரல."

"அப்போ ஸ்லைட இழு," என்றாள் ஜோடி. கியாஸ் லாரி ஓட்டுகிறவள். பேச்சிலும் வளைவு நெளிவு கிடையாது.

வெண்டல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோழிக்கூண்டில் ரக்கூன் புகுவதும், படிக்கட்டுக்கு அடியில் பாம்பு சுருண்டு கிடப்பதும், மலைமேட்டில் யாரோ அவிழ்த்துவிட்டுப் போன நாய்கள் கூட்டமாய் இறங்குவதும் அங்கே நடக்கிற காரியம்தான். கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே இருக்க முடியாது என்று அவரே பிறருக்குச் சொன்னவர். இருந்தாலும் மனசு தளரவில்லை. பழசின் ஸ்பிரிங் முரடு. புதுசு லேசாய்த்தான் இருக்கும் என்று நம்பினார்.

கேலன் கடை நெடுஞ்சாலை ஓரத்தில், தூண்டில் புழு விற்கிற கடைக்கு அடுத்தது. உள்ளே ஹெர்ஷல் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து ஓசிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மர அறுவை மில்லில் இருந்தவர். இடுப்பில் எப்போதும் ஒரு பழைய ரிவால்வர். அதைப் பார்க்கிறபோதெல்லாம் வெண்டலுக்கு நாக்கு அரிக்கும்.

"என்னய்யா பேங்க் வாட்ச்மேன், இன்னும் அந்தத் தாத்தா காலத்து மெஷினத்தான் சுமக்கறியா?"

"வாய்யா பலகை," என்றார் ஹெர்ஷல். "கேலன், காச வாங்கிப் பெட்டில போடு முதல்ல. இவன் பேச ஆரம்பிச்சா நீ கடைய சாத்த முடியாது."

கேலனுக்கு இவர்கள் இரண்டு பேரையும்விட இருபது வயது குறைவு. "வாங்க வெண்டல் அண்ணே. நீங்க கேட்டது வந்திருக்கு," என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.

துப்பாக்கிக் கடையில் ஒரு மரியாதை உண்டு. விற்கிறவன் துப்பாக்கியை எடுத்ததும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் திறந்து நிறுத்துவான்; உள்ளே ஒன்றும் இல்லை என்று தானும் பார்த்து, எதிரில் இருப்பவரையும் பார்க்க வைத்து, திறந்தபடியே கையில் கொடுப்பான். வாங்குகிறவர் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் போதும், அது தானாக மூடிக்கொள்ளும். கேலன் அப்படித்தான் கொடுத்தான். வெண்டல் நெம்புகோலை அழுத்தினார். சளக்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு உறைத்தது. இந்தக் கடையில் சாயங்காலம் வரை நின்றாலும் அவர் ஸ்லைடை ஒருதரம்கூட இழுக்க வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்தால் கேலன் இழுப்பான், மறுபடி திறந்து கொடுப்பான், அவர் மூடுவார்.

"கைல எப்படி உக்காருது பாருங்கண்ணே!"

"நல்லாத்தான் இருக்கு."

"இவன் கைல செங்கல் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்," என்றார் ஹெர்ஷல்.

ஜோடி நாலடி தள்ளிக் கையுறை தொங்குகிற இடத்தில் நின்றாள். ஆம்பிளைகள் முன்னால் அப்பாவின் விரலைப் பற்றிப் பேசமாட்டாள், அது வெண்டலுக்குத் தெரியும். ஒப்பந்தத்தைக் கேட்டுக் குரலும் கொடுக்கவில்லை. ஒரு கையுறையை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, போட்டுப் பார்த்தாள்.

அந்த முதுகுதான் அவரைப் படுத்தியது. நின்று முறைத்திருந்தால் ஏதாவது பேசி ஏய்த்திருப்பார்.

பணப்பைக்குப் போன கையை வெளியே எடுத்தார். "கேலன், இது மூடியே இருக்கட்டும். நான் இழுத்துப் பாக்கறேன்."

இடது கையால் ஸ்லைடைப் பிடித்தார். கட்டைவிரல் அடியில் யாரோ ஆணி இறக்கியது போல இருந்தது. கால் அங்குலம் போனது, நழுவித் திரும்பி வந்தது. கையை மாற்றினார். பிடியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உடம்பைத் திருப்பி இழுத்தார். நெற்றியில் வேர்வை கண்டதுதான் மிச்சம். கேலன் கையைத் துடைக்கிற துணியை மடிப்பதும் பிரிப்பதுமாய் இருந்தான். ஜோடி திரும்பிவிட்டாள்.

"வரல," என்றார் வெண்டல், உரக்கவே. "பலகை தின்னுடுச்சு. ஏப்ரல்லேருந்து வரல."

ஹெர்ஷல் எதையாவது சொல்லிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். ஹெர்ஷல் காப்பியை வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கி நின்றன.

"நான் எதுக்குய்யா இந்தத் தாத்தா மெஷின சுமக்கறேன்? அழகுக்கா? இதுல இழுக்க ஸ்லைடே கிடையாது. மில்லு என் கைய தின்னு எட்டு வருஷம் ஆச்சு. வாட்ச்மேன் வாட்ச்மேன்னு வாய் ஓயாம சொன்னியே, ஒரு நாளாவது ஏன்டா வச்சிருக்கன்னு கேட்டியா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"உன்கிட்டயா? சொல்லுவேனா!"

கேலன் முதலில் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அதோடு வெண்டலுக்குப் பழைய நிமிர்வு வந்துவிட்டது. இல்லாத வலுவை இருக்கிற மாதிரிக் காட்டுகிற வேலை முடிந்தது. இனி இருக்கிற கைக்குத் தகுந்தாற்போல் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். பொறுக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை.

கேலன் ஸ்பிரிங் லேசான ஒன்றைக் கொண்டுவந்தான். கைவலிக்காரர்களுக்கென்றே செய்கிறார்களாம். வெண்டல் இழுத்தார், வந்தது. இரண்டாம் தரம் பாதியில் நழுவியது.

"இன்னிக்கு வரும். ஜனவரி குளிர்ல விரல் மரத்துப்போனா வராது. வேண்டாம்."

அடுத்து உள்ளங்கை அளவில் ஒரு சின்ன ரிவால்வர். "எடையே இல்லண்ணே. ரொம்பப் பேர் இதத்தான் வாங்கறாங்க."

"வாங்கி ஒரு தடவை சுட்டுட்டு டிராயர்ல போட்டுடுவாங்க. எடை இல்லாதது சுட்டா உதைக்கும்டா தம்பி, என் மூட்டு தாங்காது. கனமா குடு. நாலங்குலக் குழல். முப்பத்தெட்டு காலிபர். போலீஸ்காரங்க திருப்பிக் குடுத்த பழசு ஒண்ணு உன்கிட்ட கிடக்குமே."

கிடந்தது. அலமாரி மூலையில், உறைக்குள் போட்டு எடுத்துப் போட்டு எடுத்துக் குழல் நுனியில் நீலப்பூச்சு உதிர்ந்துபோய், பிடியில் கீறலோடு. கண்ணுக்கு அழகில்லை. வெண்டல் தோட்டா போடுகிற உருளையைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார், குழலுக்குள் வெளிச்சம் விழும்படி கட்டைவிரல் நகத்தை அதன் பின்னால் வைத்து உள்ளே பார்த்தார், உருளையை மூடி ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

"வெளிய தேஞ்சிருக்கு, உள்ள புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. அதிகம் சுடல. உறைலயே குடித்தனம் பண்ணியிருக்கு. எவ்வளவு?"

"முன்னூத்தி எண்பது."

"முன்னூத்தி அம்பது. பிடி கீறிப் போயிருக்கு."

"அறுபது. ஒரு பெட்டித் தோட்டாவும் எடுத்துக்கங்க."

ஜோடி கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "பொய்த் தோட்டா இருந்தா குடு கேலன்," என்றாள். பழக்கத்துக்கு வைத்திருக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் தோட்டா ஆறு எடுத்துக் கொடுத்தான்.

வெண்டல் ஒவ்வொன்றாய்ப் போட்டார். அவசரப்படவில்லை. உருளையை உள்ளங்கையால் தள்ளி மூடினார், திறந்தார், குழலை மேலே நிமிர்த்தி, தோட்டாவை வெளியே தள்ளுகிற முன்கம்பியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஆறும் கொட்டின. ஒன்று மேஜையை விட்டுக் கீழே உருண்டது. இதில் எங்கேயும் கிள்ளிப் பிடிக்கிற வேலையே இல்லை; தள்ளுவதும் தட்டுவதும்தான். தள்ளுவதற்கு அந்தக் கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

"மறுபடி," என்றாள் ஜோடி.

செய்தார்.

"இடது கையால."

"இது பொண்ணாய்யா, பட்டாள சார்ஜென்ட்டா?" என்றார் ஹெர்ஷல்.

"அவங்க அம்மா இதவிட மோசம்," என்று சொல்லிக்கொண்டே வெண்டல் இடது கையால் தட்டினார். ஐந்து கொட்டின, ஒன்று ஒட்டிக்கொண்டது. பதறாமல் இன்னொரு தட்டு. அதுவும் விழுந்தது.

கேலன் போனில், துப்பாக்கி வாங்குகிறவரைப் பற்றிய அரசாங்க விசாரணையை முடித்துச் சரி என்று தலையாட்டியதும், எல்லாருமாகக் கடைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்குப் போனார்கள். காகிதத் தட்டு ஒன்றை ஆணியில் மாட்டினான் கேலன். விசையை ஒரே மூச்சில் அழுத்துவது வெண்டலின் விரலுக்குக் கனமாய் இருந்தது. அதற்கும் வழி தெரியும் அவருக்கு. இரண்டு கையாலும் பிடித்து, தோட்டாவை அடிக்கிற சுத்தியான குதிரையை இடது கட்டைவிரலின் பக்கவாட்டால் முன்னதாகவே பின்னுக்கு மடக்கிக்கொண்டார். விசை முடி இழுத்தாற்போல் விழுந்தது. அந்தக் கனமான இரும்பு உதையைத் தானே வாங்கிக்கொண்டது. ஐந்து தட்டில், ஒன்று வெளியே.

"வெளிய போனது ஹெர்ஷல் கண்ணு பட்டது," என்றார்.

ஜோடி சுட்டாள். நாலு தட்டில். வெண்டல் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இளிக்காத. கியாஸ் லாரில உக்காந்து உக்காந்து கை நடுங்குது."

"பழகினா வந்துடும்."

அவள் உருளையைத் திறந்து காலி செய்து அவரிடம் நீட்டினாள். கொஞ்ச நேரம் விடவில்லை. "சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன். வந்ததும் காலி பண்ணிக் காட்டணும். ஒரு வாரம் உன் கைல முடியலன்னாலும் டவுனுக்குத்தான்."

"காட்டறேன்."

"குளிர்ல வெளிய நிக்க வச்சுக் கேப்பேன்."

"கேளு. வரும்போது சும்மா வராத, சாப்பிட எதாவது கொண்டா."

"என்ன வேணும்?"

வெண்டல் யோசித்தார். "பொரிச்ச கெளுத்தி. மூணு நாய்க்கும் சேத்து."

"நாய்க்குக் கெளுத்தியா!" என்று ஜோடி வண்டிச் சாவியை எடுத்தாள். நெடுஞ்சாலைக்கு வந்ததும் டவுன் பக்கம் திரும்பவில்லை, மலைப்பக்கம் திரும்பினாள்.